ஈட்டன் மெஸ்: கிண்ணத்தில் நம் பங்கு எவ்வளவு?

மெஸ் என்றால் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை போட்டு, சோறும் சாம்பாரும் ரசமும் பரிமாறும் சாப்பாட்டுக் கடை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வேலை தேடி வந்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு, கல்யாணம் ஆகிற வரைக்கும் மெஸ்தான் தாய் வீடு.

இன்று நாம் பேசப் போவது வேறொரு மெஸ். அதற்குப் பெயர் ஈட்டன் மெஸ். சோறு கிடையாது, குழம்பு கிடையாது. இங்கிலாந்துக்காரர்கள் கோடைக்காலத்தில் சாப்பிடுகிற இனிப்பு. ஸ்ட்ராபெர்ரிப் பழத்தை நறுக்கி, நுரைக்க அடித்த கிரீமைச் சேர்த்து, மெராங் என்கிற மிட்டாயை நொறுக்கிப் போட்டுக் கலந்தால் ஈட்டன் மெஸ் ஆயிற்று.

மெராங் என்பது முட்டை வெள்ளைக் கருவையும் சீனியையும் பஞ்சு போல அடித்து, இளஞ்சூட்டில் காயவைத்து எடுப்பது. வாயில் போட்டால் மொறுமொறு என்று உடைந்து கரைந்துவிடும். தூத்துக்குடி மக்ரூன் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதில் முந்திரிப் பருப்பு இருக்கும், இதில் இருக்காது. இரண்டும் அக்காள் தங்கை மாதிரி.

மெஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைக்குக் குழப்பம், தாறுமாறு என்று பொருள். கிண்ணத்தில் எல்லாம் உடைந்து கலந்து கிடப்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள், ஒரு வேளைக்குப் பரிமாறும் உணவு என்பதே. பட்டாளத்தார் சேர்ந்து உண்ணும் இடத்துக்கு மெஸ் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். அந்த வழியாகவே நம் சாப்பாட்டுக் கடைக்கும் மெஸ் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, அந்த மெஸ்ஸும் நம் மெஸ்ஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

"அதெல்லாம் சரி, சீமைக்காரன் தின்கிற இனிப்பைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் பக்கத்தில் எதற்கய்யா எழுதுகிறீர்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர், இப்போது கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் இனிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். சங்க அலுவலகத்துக்கு வந்து அவர் கேட்டது இது: "அண்ணே, ஒரு நாளைக்கு நாப்பது கிண்ணம் நான் போடுறேன். பில்லுல பத்து விழுக்காடு சர்வீஸ் சார்ஜ்னு போடுறாங்க. அந்தக் காசு எங்கண்ணே போவுது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லுமுன், அந்தக் கிண்ணம் எங்கிருந்து வந்தது, அதில் யார் யார் உழைப்பு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ராசா வீட்டு விருந்தும் பள்ளிக்கூடத்துக் கடையும்

ஈட்டன் என்பது இங்கிலாந்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடம். 1440-ஆம் ஆண்டில் ஆறாம் ஹென்றி என்ற அரசர் கட்டியது. எழுபது ஏழைப் பையன்களுக்கு இலவசமாகக் கல்வி கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். காலப்போக்கில் அது பணக்காரர்களும் பிரபுக்களும் படிக்கும் இடமாக மாறிவிட்டது. இன்றைக்கு அங்கே ஒரு பிள்ளையை ஓர் ஆண்டு படிக்க வைக்க ஏறத்தாழ 60,000 பவுன் ஆகிறது. நம் காசுக்கு 3 லட்சம் வெள்ளிக்கு மேல்! பிரிட்டனின் பிரதமர்களில் இருபது பேர் அங்கே படித்தவர்கள்.

1893-இல் லண்டனில் நடந்த அரச குடும்பத்துத் தோட்ட விருந்தில் இந்த இனிப்பு பரிமாறப்பட்டதாக அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்றில் குறிப்பு இருக்கிறது. பிறகு 1930-களில் ஈட்டன் பள்ளிக்கூடத்துத் தின்பண்டக் கடையிலேயே விற்றார்கள். அப்போது மெராங் கிடையாது. ஸ்ட்ராபெர்ரி அல்லது வாழைப்பழம், அதோடு கிரீம் அல்லது ஐஸ்கிரீம், அவ்வளவுதான். மெராங் பிறகு வந்து சேர்ந்தது. நன்றாகக் கவனியுங்கள், வாழைப்பழம்! நம் வீட்டுக் கொல்லையில் தார் தாராகக் காய்க்கிறதே, அதுவும் இந்த இனிப்புக்குப் பாத்தியதை உள்ளதுதான்.

பிக்னிக் போன இடத்தில் ஒரு நாய் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டதாம், உள்ளே இருந்த இனிப்பு நசுங்கிப் போனதாம், அதுதான் ஈட்டன் மெஸ் ஆனதாம் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

ஈட்டனுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1905-இல் கோலகங்சாரில் மலாய் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பிரிட்டிஷார் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதைக் கிழக்கத்திய ஈட்டன் என்றே அழைத்தார்கள். ஆளப் பிறந்தவர்களுக்கு அப்படிப்பட்ட பள்ளி. பால்மரம் வெட்டப் பிறந்தவர்களுக்கு? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரை 10 பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். அந்த வாத்தியாரும் கிராணியாகவோ கங்காணியாகவோ இருப்பார். அரைநாள் வேலைக்காடு, அரைநாள் அரிச்சுவடி என்று படித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

அந்தக் காலத்து மரியாதை எப்படிப்பட்டது என்பதற்குக் கிள்ளானே சாட்சி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்! நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிரைக் கொடுத்தார்கள். துரை பங்களாவில் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறும், அதற்குப் பிறகு குலா மலாக்கா ஊற்றிய சவ்வரிசியும் நடந்துகொண்டிருந்த காலம் அதுதான்.

பழம் பறிப்பது யார்?

இப்போது கிண்ணத்துக்குள் கையை விடுவோம். முதலில் பழம்.

ஸ்ட்ராபெர்ரி குளிர்ந்த இடத்துப் பயிர். நம் நாட்டில் கேமரன் மலையில் விளைகிறது. தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் கொழுந்து கிள்ளிய அதே மலைச்சரிவுகள். 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. இன்று அந்த மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஸ்ட்ராபெர்ரியைத் தாங்களே பறித்து எடைபோட்டு வாங்கிவருகிறார்கள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடக்கும் இரண்டு வாரத்தில் மட்டும் 30 டன்னுக்கு மேல் ஸ்ட்ராபெர்ரி செலவாகிறது. பழம் அன்றன்றைக்கு விடியுமுன்னே பறித்து வந்தாக வேண்டும். பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டியவர்களுக்கு இருட்டோடு எழுந்து போகிற வேலையின் அருமை தெரியும். இதைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். 2019-இல் பிரிட்டன் பருவகாலத் தொழிலாளர் விசா என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு மாதம் வரை வேலை, பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். நேப்பாளத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். 2022-இல் இந்தோனேசியாவிலிருந்தும் போனார்கள். அவர்களில் சிலர் ஆயிரக்கணக்கான பவுன் கடன்பட்டு, ஊரில் உள்ள தரகர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது பிரிட்டிஷ் பத்திரிகைகளிலேயே வெளிவந்தது. மணிக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று கணக்கு. பறிக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று குடிசைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

இந்தக் கதையை எங்கோ கேட்டமாதிரி இருக்கிறதல்லவா? கப்பல் செலவுக்குக் கடன், கங்காணிக்குக் கடன், கடன் தீருகிறவரை முதுகு நிமிராத வேலை. நம் நாட்டில் சஞ்சிக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி ஆள்கட்டும் முறைக்கு 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்டது. ஆனால் கடன் கொடுத்து ஆளைக் கட்டும் வித்தை மட்டும் சாகவில்லை. நம்மோடு செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற இந்தோனேசியச் சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள், தரகருக்கு எவ்வளவு கொடுத்து வந்தார்கள் என்று சொல்வார்கள். 'வந்தேறி' என்று அவர்களை ஏசுகிற நேரத்தில், நம் பாட்டனையும் அப்படித்தான் ஏசினார்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழத்தைப் பற்றி இன்னொரு சங்கதி. இன்று உலகம் முழுக்க விற்கும் பெரிய ஸ்ட்ராபெர்ரி, இங்கிலாந்தின் சொந்தப் பயிரே அல்ல. வட அமெரிக்கச் செடி ஒன்றும், தென் அமெரிக்காவில் சிலி நாட்டுச் செடி ஒன்றும் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் கலந்து உண்டானது. அன்னாசிப் பழத்தின் வாடை அடிக்கிறதென்று அதற்குத் தாவரப் பெயரிலேயே அன்னாசியைச் சேர்த்துவிட்டார்கள்! துரைமார் தின்ற பழமும் ஊர் விட்டு ஊர் வந்ததுதான், நம்மைப் போல.

கிரீம் எங்கே சுரக்கிறது?

இரண்டாவது கிரீம். சரியான ஈட்டன் மெஸ்ஸுக்குப் பசும்பாலின் ஏட்டிலிருந்து எடுத்த கிரீம் வேண்டும்.

தோட்டத்தில் மாடு வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை! மரம் வெட்டிய கூலி அரிசிக்கும் உப்புக்கும் போகும். பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கும் மகளின் தோட்டுக்கும் மாடுதான் வழி. என் பாட்டி சொல்வார்: "பாலக் காய்ச்சி ஆற வச்சா ஏடு கட்டும்ல, அதத் தனியா எடுத்துத் தொரைசாணி அம்மாவுக்குன்னு வைக்கணும். நம்ம புள்ளைங்களுக்குத் தண்ணிப் பால்தான்." பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, மாட்டுக் கொட்டகைகள்தான் முதலில் காலியாயின. அடுக்குமாடி வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது?

இப்போது பல பேக்கரிகளில் பயன்படுத்தும் வெள்ளை கிரீம் மாட்டிலிருந்து வருவதே இல்லை. பெட்டியில் வரும் பாலில்லா கிரீம் அது. அதன் முக்கிய சரக்கு எது தெரியுமா? செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கிற எண்ணெய்! அறை வெப்பத்தில் கட்டியாக நிற்கும், வாயில் போட்டால் உருகும். அதனால்தான் நம் வெயிலிலும் கேக்கின் மேல் பூவாக நிற்கிறது.

நம் நாட்டில் செம்பனையை முதன்முதலில் வியாபாரத்துக்குப் பயிரிட்டது 1917-இல், கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரே தமிழ்! நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் என்று வரலாறு எழுதுகிறது. குழி வெட்டியதும், களை பிடுங்கியதும், குலை சுமந்ததும் யார் என்று அது பெயர் சொல்லி எழுதவில்லை. இன்றைக்கும் காலை முழுக்கக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிற அக்காமாரே, பட்டணத்துப் பேக்கரியில் கேக்கின் மேல் நிற்கிற அந்த வெள்ளைப் பூவில் உங்கள் முதுகுவலியும் இருக்கிறது.

சீனியின் கதை

மூன்றாவது மெராங். அது வேறொன்றுமில்லை, முட்டை வெள்ளையும் சீனியும். சீனி இல்லாவிட்டால் மெராங் நிற்காது.

பிரிட்டிஷாருக்குச் சீனி மலிவாகக் கிடைத்தது அடிமைகளின் உழைப்பால். அடிமை முறை ஒழிந்ததும் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1834 முதல் மொரிசியஸ் தீவுக்கும், பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், பிஜித் தீவுக்கும் கரும்பு வெட்டக் கப்பல் கப்பலாகப் போனவர்களில் தமிழர்களும் உண்டு. இந்த நாட்டிலும் ரப்பருக்கு முன்னே கரும்பு இருந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையில், அன்றைய வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் சஞ்சிக் கூலிகளாக வேலை செய்தார்கள். பால்மரம் வந்து கரும்பின் இடத்தைப் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

சீனி நமக்குத் தந்தது கூலி மட்டுமல்ல, நோயும்தான். 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர். இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். ஆகவே கீழே சொல்லப்போகிற செய்முறை நல்ல நாள் பெரிய நாளுக்கு. அன்றாடம் தின்பதற்கல்ல. டின் பால் ஊற்றிய தேநீரை நாளுக்கு நாலு முறை குடிப்பவர்கள் இதையும் சேர்த்துத் தின்றுவிட்டு என்னைக் குறை சொல்லக் கூடாது!

வீட்டில் செய்து பார்க்க

நான்கு முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் எடுங்கள். பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெயோ, மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. துடைத்து உலர்ந்த பாத்திரமாக இருக்கட்டும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அடியுங்கள். வெள்ளை நுரை வந்ததும் 200 கிராம் சீனியைக் கரண்டி கரண்டியாகப் போட்டு அடித்துக்கொண்டே இருங்கள். தூள் சீனியாக இருந்தால் சீக்கிரம் கரையும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வர வேண்டும்.

தட்டில் காகிதம் போட்டுக் கரண்டியால் சிறு சிறு குவியலாக வைத்து, ஓவனில் 100 டிகிரிச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஓவனை அணைத்து, அதற்குள்ளேயே ஆறவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வெளியே வைத்தால் மெராங் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். மழை நாளில் செய்யாதீர்கள். ஆறியதும் முறுக்கு டின் மாதிரி காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடிவிடுங்கள். மீந்த மஞ்சள் கருவை வீணாக்க வேண்டாம், ரொட்டிக்குத் தடவக் காயா கிண்டலாம். ஓவன் இல்லாத வீட்டில் மெராங்குக்குப் பதிலாக மேரி பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டாலும் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கிரீமை நன்றாகக் குளிரவைத்து அடியுங்கள். கெட்டியாகிறபோது நிறுத்திவிட வேண்டும். மேலே அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். ஸ்ட்ராபெர்ரி விலை கட்டுப்படியாகாவிட்டால் மாம்பழம் போடுங்கள், வாழைப்பழம் போடுங்கள், அன்னாசியும் போடலாம். அன்னாசி போட்டால் கலந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். பாலோடு நேரம் போனால் கசப்புத் தட்டும். எந்தப் பழமானாலும் பரிமாறுகிற நேரத்தில்தான் எல்லாவற்றையும் கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்தால் மெராங் கரைந்து கஞ்சியாகிவிடும்.

ஒரு தடவை செய்து பாருங்கள். சும்மா கலந்து வைப்பதுதானே என்று நினைத்ததில் எவ்வளவு கைப்பக்குவம் இருக்கிறது என்று தெரியும். நான்காவது உழைப்பு அதுதான். சமையல்கட்டில் நிற்கிறவரின் உழைப்பு.

தம்பியின் கேள்விக்குப் பதில்

பங்சார் பக்கம் போனால் ஈட்டன் மெஸ் மாதிரியான சீமை இனிப்புகளுக்கு நல்ல கிராக்கி. அந்தப் பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களைச் சேர்த்து வந்த பெயர், மருவிப் பங்சார் ஆயிற்று. பால்மரம் நின்ற மண்ணில் இன்று கடைகள் நிற்கின்றன. அன்று அங்கே மரம் வெட்டியது நம் இனம். இன்று பட்டணத்துக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் கிரீம் அடிப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேலை மாறியிருக்கிறது. கணக்குக் கேட்கத் தெரியாவிட்டால் நிலைமை மாறாது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிண்ணம் 25 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் 2 வெள்ளி 50 காசு. நாளைக்கு நாற்பது கிண்ணம் விற்றால் 100 வெள்ளி. முப்பது நாளைக்கு 3,000 வெள்ளி. இது ஒரே ஓர் இனிப்பில் மட்டும்! பில்லில் சேவை வரி என்று இன்னொன்றும் இருக்கும். அது அரசாங்கத்துக்குப் போவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சேவைக் கட்டணம், கூட்டு ஒப்பந்தத்திலோ வேலை ஒப்பந்தத்திலோ சொன்னபடி தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக வாடிக்கையாளரிடம் வாங்குவது. ஆளுக்கு இத்தனை பாயிண்ட் என்று கணக்குப் போட்டுப் பிரிப்பார்கள்.

2013-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் சில ஹோட்டல் முதலாளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். சம்பளத்தைக் கூட்டாமல், சேவைக் கட்டணத்தை எடுத்துச் சம்பளத்தோடு சேர்த்து, 'இதோ குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்துவிட்டோம்' என்றார்கள். தொழிலாளியின் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடுகிற கதை! ஹோட்டல் தொழிலாளர் சங்கம் விடவில்லை. தொழில் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு படிப்படியாக மேலே போனது. 2021-இல் நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சேவைக் கட்டணம் தொழிலாளருக்குச் சேர வேண்டிய பணம், அதை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று.

இந்தத் தீர்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. சங்கம் இருந்ததால் வந்தது. தனி ஆளாகத் தம்பி ஒருவர் போய்க் கேட்டிருந்தால், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

ஆகவே ஹோட்டலிலும் பேக்கரியிலும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சில வார்த்தைகள்.

சம்பளச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தொடக்கத்தில் விலக்குப் பெற்றிருந்த சின்னக் கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இது பொருந்தும். சேவைக் கட்டணம் கிடைக்கிற இடத்தில், அது அடிப்படைச் சம்பளத்துக்குள் ஒளிந்திருக்கக் கூடாது, தனி வரியில் இருக்க வேண்டும். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, சாதாரண நாளில் அதற்கு மேல் செய்த ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. சேமநிதியும் சொக்சோவும் கட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். ஒத்துவராவிட்டால் தேதி போட்டுக் குறித்துவைத்து, முதலில் சங்கத்துக்கு வாருங்கள். சங்கம் இல்லாத இடமென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். புகார் கொடுக்கக் காசு வேண்டியதில்லை.

இன்னொன்று, தொழிலை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ரொட்டி, கேக், இனிப்பு செய்யும் வேலைக்கும் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. முதல் படியிலிருந்து டிப்ளோமா வரை ஏறலாம். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய பிள்ளை, சான்றிதழோடு சமையல்கட்டுக்குள் போனால் பாத்திரம் கழுவுவதோடு நின்றுவிட வேண்டியதில்லை. 'சமையல் வேலையா?' என்று மூக்கைச் சுளிக்கிற பெற்றோர், பங்களாச் சமையல்காரருக்குத் தோட்டத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

தம்பி இப்போது தன் சீட்டைச் சங்கத்தில் கொடுத்திருக்கிறார். அவரோடு வேலை செய்கிற ஆறு பேரும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் மலாய்க்காரர், ஒருவர் சீனர், ஒருவர் நேப்பாளி. கணக்கைச் சரிபார்த்துக் கடிதம் போயிருக்கிறது. பதில் வந்ததும் இதே பக்கத்தில் தெரிவிப்போம். அதுவரை, இதைப் படித்து முடித்தவர்கள் வீட்டில் ஹோட்டல் வேலைக்குப் போகிற பிள்ளை இருந்தால், இன்று இரவு வந்ததும் கேளுங்கள்: "உன் சம்பளச் சீட்டை எடு, பார்ப்போம்."